மரச்செக்கு மோட்டாருக்கு வி.எஃப்.டி. போடலாமா?

நீங்கள் கேட்டது இது: காங்கேயம் பக்கம் மரச்செக்கு ஓட்டுகிறீர்கள். 5 ஹெச்.பி. மூன்று பேஸ் மோட்டார், பெல்ட், கியர் பாக்ஸ், ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் (வைண்டிங் இணைப்பை மாற்றி, மோட்டாரைக் குறைந்த கரண்டில் கிளப்புவது). செக்கைக் கொஞ்சம் மெதுவாக ஓட்டிப் பார்க்க ஆசை. வி.எஃப்.டி. (மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் மின்னணுக் கருவி, சுருக்கமாக டிரைவ்) போட்டால் 40 சதவீதம் கரண்ட் மிச்சமாகும் என்று ஒருவர் சொன்னார், மோட்டார் எரிந்துபோகும் என்று இன்னொருவர் சொன்னார். கூடவே, சிங்கிள் பேஸ் மட்டும் இருக்கும் இன்னொரு இடத்தில் 2 ஹெச்.பி. செக்கு ஒன்றை இதை வைத்து ஓட்ட முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

இதில் மூன்று தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. வேகம் குறையுமா, மோட்டார் தாங்குமா, பில் குறையுமா. முதலாவதுக்கு ஆமாம், சந்தேகமே இல்லை. இரண்டாவதுக்கு, சில விஷயங்களைக் கவனித்தால் தாங்கும். மூன்றாவதுக்கு, உங்கள் செக்கைப் பொறுத்தவரை அந்த 40 சதவீதக் கணக்கு பொருந்தாது. மோட்டார், பேனல் வேலையில் பல வருஷமாக இருக்கிறேன். இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பித்தான் பெரும்பாலான டிரைவ்கள் விற்கப்படுகின்றன, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உங்கள் மோட்டார் இண்டக்‌ஷன் மோட்டார். அதன் வேகத்தை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன: வரும் மின்சாரத்தின் அதிர்வெண், வைண்டிங்கில் உள்ள போல்களின் (காந்த முனைகளின்) எண்ணிக்கை. அதிர்வெண்ணை 120-ஆல் பெருக்கி, போல் எண்ணிக்கையால் வகுத்தால் மோட்டாருக்குள் சுழலும் காந்தப் புலத்தின் வேகம் கிடைக்கும். 4 போல், 50 ஹெர்ட்ஸ் என்றால் நிமிடத்துக்கு 1500 சுற்று. ரோட்டார் அதற்குச் சற்றுப் பின்தங்கித்தான் ஓடும், அதனால்தான் நேம் பிளேட்டில் 1440 மாதிரி ஒரு எண் இருக்கும். போல் எண்ணிக்கை காயில் கட்டும்போதே முடிவாகிவிட்டது. மிச்சம் இருப்பது அதிர்வெண் ஒன்றுதான். வி.எஃப்.டி. அதை மாற்றுகிறது. உள்ளே வரும் மூன்று பேஸ் ஏ.சி.யை டையோடுகள் டி.சி.யாக மாற்றும். 415 வோல்ட் சப்ளைக்கு இந்த டி.சி. ஏறக்குறைய 587 வோல்ட் வரும். அதைப் பெரிய கெப்பாசிட்டர்கள் சீராகத் தேக்கி வைக்கும். அப்புறம் ஐ.ஜி.பி.டி. என்ற ஆறு மின்னணு சுவிட்சுகள் விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை திறந்து மூடி, அந்த டி.சி.யை நறுக்கி, நமக்கு வேண்டிய அதிர்வெண்ணில் மூன்று பேஸ் ஏ.சி.யாக வெளியே அனுப்பும்.

அதிர்வெண்ணை மட்டும் குறைத்தால் போதாது, வோல்ட்டேஜையும் அதே விகிதத்தில் குறைக்க வேண்டும். மோட்டாருக்குள் உருவாகும் காந்தப் புலத்தின் அளவு, வோல்ட்டை ஹெர்ட்ஸால் வகுத்தால் வரும் எண்ணைப் பொறுத்தது. 415-ஐ 50-ஆல் வகுத்தால் 8.3. இந்த 8.3 மாறாமல் இருக்கும்வரை மோட்டார் தன் முழு முறுக்கு விசையைத் தரும். அதாவது 25 ஹெர்ட்ஸில் ஓட்டும்போது டிரைவ் சுமார் 207 வோல்ட்தான் கொடுக்கும். 25 ஹெர்ட்ஸில் 415 வோல்ட்டைக் கொடுத்தால் இரும்புக் கோர் தாங்கும் அளவுக்கு மேல் காந்தமேறி, லோடே இல்லாமல் கரண்ட் பல மடங்கு ஏறி, வைண்டிங் கருகிவிடும். 50 ஹெர்ட்ஸுக்கு மேலே போனால் கதை தலைகீழ். டிரைவ் தனக்கு வரும் 415 வோல்ட்டுக்கு மேல் தர முடியாது, அதனால் 60 ஹெர்ட்ஸில் காந்தப் புலம் மெலிந்து முறுக்கு விசை குறைகிறது. செக்கு மாதிரி கனமான வேலைக்கு 50-ஐத் தாண்டவே வேண்டாம்.

இனி கரண்ட் மிச்சம். இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். சேமிப்பு டிரைவில் இல்லை, மோட்டார் சுற்றுகிற சாமானில் இருக்கிறது. காற்றடிக்கும் ஃபேனையோ, தண்ணீரைக் குழாயில் சுற்றவிடும் பம்பையோ எடுத்துக்கொள்ளுங்கள். வேகம் குறைந்தால் காற்றின் அளவு அதே விகிதத்தில் குறையும், ஆனால் தேவைப்படும் சக்தி வேகத்தின் மும்மடியாகக் குறையும். 50 ஹெர்ட்ஸிலிருந்து 40-க்கு இறக்கினால் வேகம் 80 சதவீதம், சக்தி (0.8 × 0.8 × 0.8) 51 சதவீதம்தான். கோயம்புத்தூர் ஸ்பின்னிங் மில்களில் ஈரப்பதம் காக்கும் பெரிய ஃபேன்களுக்கு டிரைவ் போட்டுப் போட்ட காசை எடுத்ததெல்லாம் இந்தக் கணக்கில்தான். உங்களிடம் சொன்ன 40 சதவீதமும் ஏதோ ஒரு ஃபேனின் கணக்காக இருக்கலாம். அங்கே அது உண்மை.

செக்கு அப்படி இல்லை. உலக்கை கடலையை அழுத்தி அரைக்கத் தேவைப்படும் முறுக்கு விசை, மெதுவாகச் சுற்றினாலும் வேகமாகச் சுற்றினாலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதனால் வேகம் 80 சதவீதமானால் சக்தியும் 80 சதவீதமாகும். ஆனால் ஓர் ஆட்டு (செக்கில் ஒருமுறை போட்டு ஆட்டி எடுப்பது) முடிய ஆகும் நேரம் அதற்கேற்ப நீளும். எண்ணிலேயே பார்ப்போம். மோட்டார் முழு லோடில் ஓடுகிறது, அதன் திறன் 85 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 3.7 கிலோவாட் வேலைக்கு ஏறக்குறைய 4.35 கிலோவாட் இழுக்கும். ஓர் ஆட்டு 40 நிமிடம் என்றால் 2.9 யூனிட். 40 ஹெர்ட்ஸில் 3.48 கிலோவாட், நேரம் 50 நிமிடம், மறுபடியும் அதே 2.9 யூனிட். டிரைவுக்குள்ளேயே வெப்பமாகப் போகும் இரண்டு மூன்று சதவீதத்தைச் சேர்த்தால் ஒரு துளி கூடத்தான் வரும். அதே எண்ணிக்கையில் உலக்கை சுற்றினால் அதே எண்ணெய் இறங்கும் என்று எடுத்துக்கொண்டு போட்ட கணக்கு இது. மெதுவாக ஓட்டும்போது சூடு குறைந்து, எண்ணெய் பிரிய இன்னும் சில சுற்று கூடுதலாகத் தேவைப்படலாம். அது கடலையின் ஈரம், கருப்பட்டி சேர்க்கும் அளவு என்று உங்களுக்குத்தான் அதிகம் தெரிந்த விஷயங்களைப் பொறுத்தது. சாதாரண எனர்ஜி மீட்டர் ஒன்றைத் தனியாக மாட்டி, ஓர் ஆட்டுக்கு எத்தனை யூனிட், எத்தனை கிலோ எண்ணெய் என்று இரண்டு வேகத்திலும் குறித்தால் உங்கள் செக்குக்கான விடை கிடைத்துவிடும்.

இன்னொரு மாயம் கிளாம்ப் மீட்டரில் வரும். டிரைவ் போட்டதும் உள்ளே வரும் வயரில் கிளாம்ப் வைத்து, 'முன்பு 7 ஆம்பியர், இப்போது 4 ஆம்பியர், பாருங்கள்' என்று காட்டுவார்கள். காட்டும் எண் பொய்யல்ல, ஆனால் அதை அப்படியே சேமிப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இண்டக்‌ஷன் மோட்டார் இழுக்கும் கரண்டில் ஒரு பங்கு காந்தப் புலத்தை உருவாக்க மட்டும் போய் வருகிறது, அது வேலை செய்வதில்லை. நேரடி சப்ளையில் அது ஈ.பி. லைன் வரை தெரியும். டிரைவ் போட்டால் அது டிரைவின் கெப்பாசிட்டருக்கும் மோட்டாருக்கும் இடையே சுற்றுவதோடு நின்றுவிடும், உள்ளே வரும் வயரில் தெரியாது. அதனால் ஆம்பியர் குறைகிறது. யூனிட் மீட்டர் எண்ணுவது ஆம்பியரை அல்ல, கிலோவாட் மணியை. டிரைவின் வெளிப்பக்கம் அளப்பதானால் ட்ரூ ஆர்.எம்.எஸ். மீட்டர் வேண்டும். மலிவு மீட்டர்கள் அந்த நறுக்கிய அலையைத் தப்பாகப் படிக்கும்.

போர்வெல் வைத்திருப்பவர்களுக்கும் இந்த 80-க்கு 51 கணக்கை அப்படியே நம்ப வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன், இதையும் அடிக்கடி கேட்கிறார்கள். வேகம் 80 சதவீதமானால் பம்ப் தூக்கும் உயரம் 64 சதவீதமாகிவிடும். வால்வை மூடிய நிலையில் 400 அடி தூக்கும் பம்ப் 40 ஹெர்ட்ஸில் 256 அடிதான் தூக்கும். தண்ணீர் 300 அடியில் கிடந்தால் மோட்டார் ஓடும், மேலே ஒரு சொட்டும் வராது, உள்ளே இருக்கும் தண்ணீர் சூடாகும்.

சரி, மோட்டார் எரியுமா? பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. மோட்டாரின் பின்னால் உள்ள ஃபேன் அதே ஷாஃப்ட்டில்தான் சுற்றுகிறது. மோட்டார் மெதுவானால் ஃபேனும் மெதுவாகும். ஆனால் செக்கில் முறுக்கு விசை குறையாததால் கரண்டும் குறையாது, வைண்டிங்கில் உண்டாகும் சூடும் குறையாது. 50-லிருந்து 40 ஹெர்ட்ஸ் வரை நல்ல நிலையில் உள்ள மோட்டாருக்கு இது பெரும்பாலும் பிரச்சினை ஆகாது. 30-க்குக் கீழே முழு லோடில் மணிக்கணக்காக ஓட்டுவதானால், தனி மோட்டாரில் ஓடும் கூலிங் ஃபேனைப் பின்னால் மாட்ட வேண்டும், அல்லது மோட்டாரையே ஒரு சைஸ் பெரிதாக எடுக்க வேண்டும். இடையில் உள்ள 30-லிருந்து 40 வரை எப்படி என்பதை இங்கே உட்கார்ந்து சொல்ல முடியாது. உங்கள் மோட்டார் ஏற்கெனவே எவ்வளவு லோடில் ஓடுகிறது, செக்குக் கொட்டகை தகரக் கூரையா, ஏப்ரல் மே மாத வெயிலில் உள்ளே எவ்வளவு சூடு என்பதெல்லாம் சேர்ந்து தீர்மானிக்கும். மோட்டார் உடம்பின் சூட்டை வாரத்துக்கு ஒருமுறை அளந்து எழுதிவையுங்கள்.

இரண்டாவது ஆபத்து இன்சுலேஷன். டிரைவ் அனுப்புவது வழுவழுப்பான அலை அல்ல, 587 வோல்ட் உயரமுள்ள கூர்மையான துண்டுகள். டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவே கேபிள் நீளமாக இருந்தால், இந்தத் துண்டுகள் மோட்டார் முனையில் மோதித் திரும்பும்போது உயரம் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிடும். வி.எஃப்.டி.க்கென்று செய்த மோட்டார்களில் இதைத் தாங்கும் இன்சுலேஷன் இருக்கும். சாதாரணக் கம்பியில் இரண்டு மூன்று முறை காயில் கட்டிய மோட்டார் என்றால் நம்பிக்கை குறைவு. உங்களுடையதில் டிரைவை மோட்டாருக்குப் பக்கத்திலேயே, பத்து மீட்டருக்குள், வைத்துவிட்டால் இந்தக் கவலை பெரிதும் தீர்ந்துவிடும். தூரமாகத்தான் வைக்க வேண்டும் என்றால் வெளிப்பக்கம் சோக் (கம்பிச் சுருள்) போடுங்கள். மாட்டுவதற்கு முன் மோட்டாரை மெக்கர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) வைத்துப் பாருங்கள். அப்போது டிரைவின் வயரைக் கட்டாயம் கழற்றியிருக்க வேண்டும். மாட்டியபடி மெக்கர் செய்தால் டிரைவ் போய்விடும்.

வாங்குவதற்கு முன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்கு வேகம் அடிக்கடி மாற வேண்டுமா, அல்லது ஒரே குறைந்த வேகம் போதுமா? எப்போதும் 20 சதவீதம் மெதுவாக ஓடினால் போதும் என்றால் டிரைவே வேண்டாம், புல்லியை மாற்றினால் போதும். மோட்டார் தன் 1440-லேயே ஓடும், ஃபேன் முழு வேகத்தில் குளிர்விக்கும், உலக்கையில் முறுக்கு விசையும் கூடும். மோட்டார் பக்கப் புல்லியை ரொம்பச் சின்னதாக்கினால் பெல்ட் சீக்கிரம் வெடிக்கும், அதனால் கியர் பாக்ஸ் பக்கப் புல்லியைப் பெரிதாக்குங்கள். கடலைக்கு ஒரு வேகம், எள்ளுக்கு ஒரு வேகம், ஆரம்பத்தில் மெதுவாக, பிண்ணாக்கு இறுகும்போது வேறு மாதிரி என்று மாற்றி மாற்றிப் பார்க்க ஆசை இருந்தால் அப்போது வி.எஃப்.டி.க்கு ஈடே இல்லை. தேங்காய்க்கும் எள்ளுக்கும் ஒரே செக்கை வைத்திருப்பவர்களுக்கு அது நிஜமாகவே உதவும்.

ஸ்டார்ட்டிங்கிலும் ஒரு நல்ல லாபம் உண்டு. நேரடியாகப் போட்டால் மோட்டார் ஆறேழு மடங்கு கரண்ட் இழுத்துக் கிளம்பும். ஸ்டார்-டெல்டாவில் அது மூன்றில் ஒரு பங்காகும், ஆனால் கிளம்பும் விசையும் மூன்றில் ஒரு பங்காகிவிடும். ஆட்டின் நடுவில் கரண்ட் போய் வந்தால் செக்கு முக்கிக்கொண்டு நிற்பது இதனால்தான். டிரைவ் ஒன்றரை மடங்கு கரண்டுக்குள்ளேயே முழு விசையைவிடக் கூடுதலாகத் தந்து மெதுவாகக் கிளப்பும். இதற்கு ஹெவி டியூட்டி ரேட்டிங்கில் உள்ள டிரைவ் வேண்டும், அதாவது 150 சதவீதக் கரண்டை ஒரு நிமிடம் தாங்குவது. ஃபேனுக்கும் பம்புக்கும் விற்கும் நார்மல் டியூட்டி வகை போதாது. உங்கள் இடத்தில் நானாக இருந்தால் 5 ஹெச்.பி. மோட்டாருக்கு 7.5 ஹெச்.பி. டிரைவ் எடுப்பேன். சென்சார்லெஸ் வெக்டர் முறை (வேகம் அளக்கும் சென்சார் இல்லாமலே மோட்டாரின் விசையைக் கட்டுப்படுத்துவது) உள்ளதாக எடுத்தால் குறைந்த வேகத்திலும் இழுவை நன்றாக இருக்கும்.

மாட்டும்போது ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் முழுதாகக் கழல வேண்டும். மோட்டாரின் ஆறு முனைகளையும் டெர்மினல் பாக்ஸிலேயே நிரந்தரமாக டெல்டாவில் கட்டிவிட்டு, மூன்று வயர் மட்டும் டிரைவின் யு, வி, டபிள்யு முனைகளுக்குப் போக வேண்டும். நடுவே கான்டாக்டர் (மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்ச்) வேண்டாம், ஓடும்போது அது திறந்தால் டிரைவ் அடிவாங்கும். பவர் ஃபேக்டருக்காக மோட்டாரோடு கெப்பாசிட்டர் போட்டிருப்பீர்கள், அதையும் கழற்றுங்கள். டிரைவின் வெளிப்பக்கம் கெப்பாசிட்டர் இருந்தால் ஐ.ஜி.பி.டி. வெடிக்கும். ஈ.பி. சப்ளையைத் தவறி யு, வி, டபிள்யுவில் கொடுத்தாலும் அதே கதி. உள்பக்கம் ஒரு லைன் சோக் போடுவது நல்லது, டிரைவ் உண்டாக்கும் ஐந்தாம், ஏழாம் ஹார்மோனிக்ஸ் (50 ஹெர்ட்ஸின் ஐந்து, ஏழு மடங்கில் லைனில் கலக்கும் அலைகள்) குறையும், மின்னல், வோல்ட்டேஜ் ஏற்றம் ஆகியவற்றிலிருந்தும் ஓரளவு காக்கும். எர்த் சரியாக இருக்க வேண்டும். வீட்டுக்குப் போடும் 30 மில்லி ஆம்பியர் லீக்கேஜ் பிரேக்கர் டிரைவோடு காரணமில்லாமல் ட்ரிப் ஆகும், அதற்காக எர்த்தைக் கழற்றிவிட்டு ஓட்டுபவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், அது உயிர் விஷயம்.

அமைப்புகளில் முதலில் நேம் பிளேட் விவரங்கள்: 3.7 கிலோவாட், 415 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 1440 சுற்று, அதிலுள்ள ஆம்பியர், அநேகமாக 7.5-ஐ ஒட்டி இருக்கும். இந்த ஆம்பியரைச் சரியாகப் போட்டால்தான் டிரைவ் ஓவர்லோடு ரிலேயாகவும் வேலை செய்யும். குறைந்தபட்சம் 30 ஹெர்ட்ஸ், அதிகபட்சம் 50. கிளம்பும் நேரம் 8 முதல் 10 விநாடி. ரிவர்ஸைத் தடை செய்துவிடுங்கள். டார்க் பூஸ்ட்டை (குறைந்த ஹெர்ட்ஸில் வோல்ட்டேஜைக் கொஞ்சம் கூட்டித் தரும் அமைப்பு) தேவைக்கு மேல் ஏற்றாதீர்கள், குறைந்த ஹெர்ட்ஸில் மோட்டாரைச் சூடாக்கும் காரணங்களில் அது ஒன்று. கரண்ட் போய் வந்தால் தானாகக் கிளம்பும் வசதியைக் கட்டாயம் நிறுத்திவையுங்கள். கரண்ட் இல்லாத நேரத்தில் யாராவது உரலுக்குள் கையை விட்டு எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

சிங்கிள் பேஸ் கேள்விக்கு வருகிறேன். 230 வோல்ட் சிங்கிள் பேஸ் வாங்கி, 230 வோல்ட் மூன்று பேஸ் தரும் டிரைவ்கள் உண்டு. நம் ஊரில் 2 ஹெச்.பி. வரையுள்ள மூன்று பேஸ் மோட்டார்கள் பெரும்பாலும் 415 வோல்ட்டுக்கு ஸ்டாரில் கட்டியவை, அதாவது ஒவ்வொரு வைண்டிங்குக்கும் 240 வோல்ட். அதை டெல்டாவாக மாற்றிக் கட்டினால் இந்த டிரைவில் முழுசாக ஓடும். ஆறு முனையும் வெளியே வந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். உங்கள் 5 ஹெச்.பி. மோட்டார் அப்படி அல்ல, அது 415-க்கே டெல்டா. அதை 230 டிரைவில் போட்டால் 27, 28 ஹெர்ட்ஸ் வரைதான் முழு விசை கிடைக்கும். கெப்பாசிட்டர் வைத்த சிங்கிள் பேஸ் மோட்டாருக்கு இந்த டிரைவ் எதுவும் ஆகாது. 2 ஹெச்.பி. டிரைவ் சிங்கிள் பேஸில் இழுக்கும் கரண்ட், மோட்டாருக்குப் போவதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு இருக்கும், வயரும் பிரேக்கரும் அதற்கேற்ப வேண்டும். வீட்டு இணைப்பில் தொழில் இயந்திரம் ஓட்டக் கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

செக்குக் கொட்டகையில் டிரைவைச் சாகடிப்பது பெரும்பாலும் மின்சாரம் அல்ல, எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் பல்லியும்தான். மூடிய பேனலில் வையுங்கள், ஃபில்டர் வைத்த ஃபேன் போடுங்கள், வயர் நுழையும் ஓட்டைகளை அடையுங்கள். அதிகமான டிரைவ்கள் 40 டிகிரி வரைக்கும்தான் முழுத் திறனுக்கு உத்தரவாதம் தரும், தகரக் கூரைக்குக் கீழே பேனலுக்குள் அது சுலபமாகத் தாண்டும். பேனலைத் திறக்கும் முன் மெயினை அணைத்து, மேனுவலில் சொன்ன நேரம், குறைந்தது பத்து நிமிடம், காத்திருங்கள். அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் அந்த 587 வோல்ட் நிற்கும்.

முதலில் ஒரு நாள் ஸ்டார்-டெல்டாவிலேயே ஓட்டி, ஆட்டின் தொடக்கம், நடு, பிண்ணாக்கு இறுகும் கட்டம் மூன்றிலும் ஆம்பியரைக் குறித்துக்கொள்ளுங்கள். அதையும் நேம் பிளேட் விவரத்தையும், மோட்டார் எத்தனை முறை காயில் கட்டியது என்பதையும் எழுதினால், உங்கள் மோட்டாரையே வைத்துக்கொள்ளலாமா, எந்த ஹெர்ட்ஸ் வரை இறக்கலாம் என்று இதைவிடத் திட்டமாகச் சொல்ல முடியும்.